அரைத் தட்டுச் சோறு

"இவ எனக்கு அரைத் தட்டுதான் போடறா, அக்கா. வாய் திறந்து கேட்டாலும் மீதி வர்றதில்ல."

சலூன்காரர் இதைத் தன் அக்காவிடம் சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை. வெளியே வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். அதனாலேயே அது ஆழமாகத் தைத்தது. சமையலறை வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்த அவருடைய மனைவி செம்பைத் தரையில் வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு காலையில், வாடிக்கையாளர் ஒருவரின் முகத்துக்கு நுரை பூசிக்கொண்டிருந்தபோதே சலூன்காரர் சுவரோரம் சரிந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. பேச்சு மட்டும் கடவுள் கருணையால் தப்பித்தது. கொஞ்சம் குழறினாலும் பழைய கேலியும் குத்தலும் அதில் குறையவில்லை. அன்றிலிருந்து சலூன் பூட்டிக் கிடந்தது. மனைவி வீட்டிலேயே இயந்திரம் போட்டுப் பள்ளிச் சீருடையும் திரைச்சீலையும் தைப்பவள். தெருவில் அவளுக்குத் தையல்காரம்மா என்றே பெயர். ஒரே மகள் கல்யாணமாகி வெகுதூரத்தில் இருந்தாள். ஆகவே அவரைத் தூக்குவதும் நடத்துவதும் குளிப்பாட்டுவதும் தைப்பதும் எல்லாம் இந்த ஒருத்திதான்.

அக்கா பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் நம்பாதவர். தம்பியைச் சுவரைப் பிடித்து எழுந்து நிற்கச் சொல்லி, கால்சட்டையின் இடுப்பை மடித்துப் பார்த்தார். உள்ளே இரண்டு வரிசைத் தையல் தெரிந்தது.

"இது யார் பிடிச்சது?"

"நான்தான், அண்ணி."

"ரெண்டு தடவை பிடிச்சிருக்கு போலிருக்கே."

"ஆமா அண்ணி. இளைச்சுட்டார்."

"இடுப்பை ரெண்டு தடவை பிடிச்சுத் தைக்கத் தெரிஞ்ச உனக்கு, ஒரு கரண்டி சேர்த்துப் போடத் தெரியலையா, அம்மாடி?"

"தட்டு நிறையத்தான் போடறேன் அண்ணி. அவர்தான் பாதியை அப்படியே வச்சிடறார்."

"நானா வச்சேன்?" என்று சலூன்காரர் உண்மையான வியப்போடு கேட்டார். "தட்டைத் துடைச்ச மாதிரி சாப்பிட்டுட்டுத்தானே கையைக் கழுவுறேன்!"

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் கொண்டு வர்றேன். தம்பி என் வீட்டுல இருக்கட்டும். நீ கொஞ்ச நாள் ஓய்வு எடு."

ஓய்வு என்ற அந்தச் சொல் தீர்ப்பைப் போல விழுந்தது. தையல்காரம்மா கணவர் முகத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனிதர். 'எங்கேயும் வரமாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தாள்.

"சரிக்கா," என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அந்த வாரம் அவள் தட்டில் சோற்றைக் குவித்தாள். கூடக் காய்கறி, கூட ஒரு முட்டை. அவர் சாப்பிட்டு முடித்தபோது, சரியாக நடுவில் கோடு போட்டு வெட்டிய துணியைப் போல, பாதி தட்டு அப்படியே இருந்தது. துணி வெட்டுகிறவளுக்கு அந்த நேர்த்தி புரிந்தது. இவ்வளவு நேர்த்தியாக மிச்சம் வைக்க வேண்டுமானால் மனசுக்குள் எவ்வளவு வெறுப்பு இருக்க வேண்டும் என்று நினைத்து நினைத்து மாய்ந்தாள்.

"முட்டை வாங்கலையா இன்னிக்கு?" என்று கேட்டார் அவர்.

"தட்டுலதான் இருக்கு."

"எனக்குக் கையும் காலும்தான் போச்சு. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அவள் முட்டையை எடுத்து அவர் வலது உள்ளங்கையில் வைத்தாள். "அப்ப இது என்ன, கோலிகுண்டா?"

"இப்பதானே கொண்டு வந்து கொடுக்கறே!" என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாக முட்டையைச் சாப்பிட்டார்.

மறுநாள் அவர் தானே முகச்சவரம் செய்துகொண்டார். வலது கன்னம் கண்ணாடிபோல் பளபளத்தது. இடது கன்னத்தில் கத்தியே படவில்லை. "கை அசந்துபோச்சா? மீதியை நான் செஞ்சு விடட்டுமா?" என்று கேட்டதற்கு, "எது மீதி? முப்பது வருஷம் ஊருக்கே செஞ்சவன் நான். என்கிட்டயே குறை கண்டுபிடிக்கிறியா?" என்றார். புதன்கிழமைக்குப் பிறகு அவர் சாப்பாட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பேசாமல் சாப்பிட்டார், பேசாமல் கை கழுவினார். அவர் குறை சொன்னதைவிட அது அவளுக்குக் கொடுமையாக இருந்தது.

அவள் உள்ளதைத்தான் சொன்னாள். அவரும் உள்ளதைத்தான் சொன்னார். இரண்டு நல்ல மனசுகளுக்கு நடுவில் இப்படியும் ஒரு சுவர் எழும்பும். அதை இடிக்கக் கடவுள் பெரிய ஆட்களை அனுப்புவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவர் பெரும்பாலும் பக்கத்து நாற்காலிக்காரரையே அனுப்புகிறார்.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமைகளில் அவர்கள் மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த பழைய சலவைக்கூடத்துக்குப் போவார்கள். படியில்லாத வாசலும் அகலமான கதவும் கொண்ட இடம். துணி காயப்போட்ட இரும்புக் கம்பிகள் இன்னும் மேலே ஓடின. ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர், பக்கவாதம் வந்து மீண்டவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் அங்கே வாரம் ஒருமுறை கூட்டுவார். வேறு பெயர் கிடையாது. சனிக்கிழமைக் கூட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும். முதலில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கை காலை அசைத்துப் பயிற்சி செய்வார்கள். பன்னிரண்டு மணிக்கு ஒரு வழக்கம். நோயாளிகள் பெரிய கூடத்தில் தாங்களாகவே பரிமாறிக்கொண்டு சாப்பிடுவார்கள். வலது கை மட்டும் உள்ளவர் ரொட்டியைப் பிடிக்க, இடது கை மட்டும் உள்ளவர் பிய்ப்பார். பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் பக்கத்தில் இருந்த இஸ்திரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

"இந்த ஒரு மணி நேரம் யாரும் யாருக்கும் தண்ணிகூட எடுத்துக் கொடுக்கக் கூடாது," என்பது நர்ஸம்மாவின் சட்டம். "விழுந்தா அவங்களே கூப்பிடுவாங்க. வாய் இருக்கில்ல?"

அதனால் தையல்காரம்மா எட்டு வாரமாகத் தன் கணவர் அங்கே சாப்பிடுவதைப் பார்த்ததே இல்லை. அவர் வீடு திரும்பும்போது சொல்வதைத்தான் கேட்டிருக்கிறாள். "அங்கே சாப்பாடுன்னா சாப்பாடு! ஒரு தடவை முடிச்சா, கேட்காமலே ரெண்டாம் தடவை போட்டுடறாங்க." ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டார் சமைத்துக் கொண்டுவர வேண்டும். அவள் முறை வந்த வாரத்திலும் அவர் இதையேதான் சொன்னார். அவள் கையால் ஆக்கின சோறு அங்கே இரண்டு தடவை இறங்குகிறது, வீட்டில் பாதியோடு நின்றுவிடுகிறது என்றால், பிடிக்காதது சோறு இல்லையே, ஆள்தானே என்று அன்றிரவு தலையணையை நனைத்தாள்.

இஸ்திரி அறையில் நீளமான மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். கணக்கு வாத்தியார் ஒருவர் வழக்கம்போல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவருடைய மனைவிக்குப் பேச்சு போய் மூன்று வருஷம் ஆகிறது. வாரத்தில் அவர் முழுத் தூக்கம் தூங்குவதே இந்த ஒரு மணி நேரம்தான் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

நர்ஸம்மா ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வந்தார். "நீங்க எப்படி இருக்கீங்க, தையல்காரம்மா?"

எட்டு வாரமாக அவள் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லி வந்திருக்கிறாள். வீட்டுக் குறையை வெளியில் சொல்வது அவள் பழக்கம் இல்லை. இன்றைக்கும் அதையே சொல்ல வாய் எடுத்தாள். வேறு ஏதோ வந்தது.

"நாளைக்கு அவரைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

பிறகு எல்லாம் கொட்டியது. அக்கா, இடுப்புத் தையல், கார், முட்டை, பாதி தட்டு. "நான் பட்டினி போடறேன்னு சொல்றார். நானா? நாளைக்கு ஊரெல்லாம் அதையே பேசும். பேசட்டும். அவரே அப்படி நினைக்கிறாரே!" என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

யாரும் ஆறுதல் சொல்லி அவளை அவசரப்படுத்தவில்லை. கண்ணைத் திறக்காமலே கணக்கு வாத்தியார் கேட்டார்: "பாதின்னா, எந்தப் பாதி?"

"என்னங்க ஐயா?"

"தட்டுல மிச்சம் இருக்கிற பாதி. மேலயா, கீழயா, வலமா, இடமா?"

"உங்க கணக்கை இங்கேயும் கொண்டு வந்துட்டீங்களா சார்?" என்று யாரோ சிரித்தார்கள்.

அவள் யோசித்தாள். தினமும் கழுவின தட்டு. கண்ணை மூடினாலே தெரிந்தது. "இடது பக்கம்."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

வாத்தியார் இப்போது கண்ணைத் திறந்து நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, இது என் தப்பும்மா. முதல் நாளே சொன்னேன், அவருக்கு இடது பக்கம் கவனம் கம்மின்னு. நீங்க படிவத்துல கையெழுத்துப் போட்டுக்கிட்டே தலையாட்டினீங்க. முதல் நாள் சொல்றது யார் காதுலயும் ஏறாதுன்னு தெரிஞ்சும், ரெண்டாம் தடவை சொல்லாம விட்டுட்டேன். எழுந்திரிங்க."

"எங்கே?"

"பன்னிரண்டு வருஷமா இந்த நேரத்துல இந்தக் கதவைத் திறந்ததில்ல. இன்னிக்குத் திறக்கலாம். சத்தம் போடாம வாங்க."

கதவு ஒரு சாண் திறந்தது. சலூன்காரர் மூன்றாவது மேஜையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் லாரி ஓட்டுநர். எல்லோரும் அவரைக் கியர் அண்ணன் என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் இதே இடது பக்கம் விழுந்து எழுந்தவர். நன்றாகவே நடக்கிறார், ஆனாலும் வருகிறார். வீட்டில் பெண்டாட்டி துரத்துகிறாள் என்பது அவர் சொல்லும் காரணம்.

சலூன்காரர் தட்டின் வலது பாதியைச் சுத்தமாக முடித்துவிட்டுக் கையை மடக்கினார். கியர் அண்ணன் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதையை நிறுத்தாமல், தட்டைப் பார்க்கக்கூடச் செய்யாமல், ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் அதன் விளிம்பைப் பிடித்து அரை வட்டம் சுற்றினார். இடப்பக்கம் கிடந்த சோறும் காயும் வலப்பக்கம் வந்தன.

"பார்த்தீங்களா! கேட்காமலே போட்டுட்டாங்க," என்று சலூன்காரர் முகம் மலர்ந்து மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

தையல்காரம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுல இப்படிக் கிடைக்காதா, கத்திரி?" என்றார் கியர் அண்ணன். சலூன்காரருக்கு அங்கே கத்திரி என்று பெயர்.

"வீட்டுல அவ பாவம், அண்ணே. சலூன் மூடிக் கிடக்கு. ஒருத்தியா தைச்சு எவ்வளவுதான் சமாளிப்பா? அதான் பாதி பாதியாப் போடறா. ஏதோ வாய் தவறி அக்காகிட்ட உளறிட்டேன். கேட்டா வருத்தப்படுவான்னு இப்பல்லாம் கேட்கிறதே இல்ல." அவர் ஒரு வாய் சாப்பிட்டார். "நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். நான் போயிட்டா, அவளாவது தட்டு நிறையச் சாப்பிடுவா."

நர்ஸம்மா மெதுவாகக் கதவைச் சாத்தினார். தையல்காரம்மா அந்தக் கதவிலேயே நெற்றியை வைத்து, "கடவுளே, கடவுளே" என்று மட்டும் சொன்னாள். வேறு சொல் அவளுக்கு அகப்படவில்லை. அது போதும் என்றே நினைக்கிறேன்.

கூட்டம் கலைந்தபோது கியர் அண்ணன் அவளிடம் தனியாக வந்து நின்றார். "தெரியாதா உனக்கு? தெரியும்னு நினைச்சுட்டேனே, தங்கச்சி! இங்கே நாங்க கொட்டாவி விடற மாதிரி தன்னால செய்யறது இது. கண்ணு தெரியும். ஆனா மூளை அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துடும். எனக்கு வந்தப்போ தினமும் கதவு நிலையில போய் இடிச்சேன். முப்பது வருஷம் லாரி ஓட்டி ஒரு சுவரை இடிச்சதில்ல, வீட்டுக்குள்ள நடந்து இடிச்சேன்."

"அவர்கிட்ட எடுத்துச் சொல்லட்டுமாண்ணா?"

"சொன்னா நம்பமாட்டார். நான் நம்பினேனா? தட்டைத் திருப்பு. மெல்ல மெல்லத் தலையை இந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கப் பழக்கு. நாளாகும், ஆனா வரும்."

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"தட்டைத் திருப்பினதுக்கா?" என்று சிரித்துவிட்டுப் போனார் அவர்.

அன்று மாலை அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லப் பார்த்தாள். "போன்ல கதை வேண்டாம், அம்மாடி. நான் நேர்ல வர்றேன்," என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார் அவர். சாப்பாட்டு வேளையில் அவள் சத்தமில்லாமல் தட்டைத் திருப்பினாள். சலூன்காரர் முழுதும் சாப்பிட்டார். பிறகு, "நாளைக்குப் போறேனேன்னு ரெண்டாம் தடவை போட்டியா?" என்று மெல்லக் கேட்டார். அவள் காலித் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குக் கார் வாசலில் நின்றது. அக்கா உள்ளே வந்ததும், "துணியெல்லாம் எடுத்து வச்சாச்சா?" என்றார்.

"எடுத்து வச்சாச்சு, அண்ணி. ஒரு வேளை மட்டும் இங்கே சாப்பிட்டுட்டுப் போகட்டும். நீங்க எதிர்ல உட்கார்ந்து பாருங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

அவள் தட்டு நிறையச் சோறு வைத்தாள். இருபுறமும் காய், இடப்பக்கம் முட்டை. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சலூன்காரர் வலது பாதியைச் சாப்பிட்டு முடித்து, "போதும்மா," என்று கையை எடுத்தார்.

"தம்பி, இதைச் சாப்பிடல?"

"எதைக்கா?"

அக்கா குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளின் பொய் விடுப்புக் கடிதங்களைக் கண்டுபிடித்த கண்கள் அவை. அந்த முகத்தில் பொய் இல்லை. அக்கா மெல்லத் திரும்பித் தையல்காரம்மாவைப் பார்த்தார்.

"தட்டைக் கொஞ்சம் திருப்புங்க, அண்ணி."

அக்கா திருப்பினார்.

"அட! எப்பக்கா போட்டே?"

"நான் போடல, தம்பி. அது அங்கேயேதான் இருந்துச்சு."

அவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். தையல்காரம்மா தட்டைப் பழையபடி வைத்துவிட்டு, அவருடைய வலது கையைப் பிடித்து, விரல்களைத் தட்டின் விளிம்பு வழியே இடப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். விரல்கள் போகப் போகத் தலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. விரல் நுனி முட்டையில் தட்டியது. அவர் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து."

"நான் உன்னை அக்காகிட்ட... வாய் கூசாம..."

"விடுங்க. உங்களுக்குத் தெரிஞ்சதைத்தானே சொன்னீங்க."

அக்கா எழுந்து வாசலுக்குப் போனார். கார் ஓட்டுநரிடம் அவர் பேசுவது உள்ளே கேட்டது. "நீங்க கிளம்புங்க. யாரும் வரல. நான் சாயங்காலம் பஸ்ல போய்க்கிறேன்." திரும்பி வந்து, தம்பி மனைவியின் தோளைத் தொட்டார். எத்தனையோ கடிதம் எழுதிய மனுஷிக்கு இந்த ஒரு வரி சுலபமாக வரவில்லை. "கேட்காம கொள்ளாம பேசிட்டேன், அம்மாடி. மனசுல வச்சுக்காதே."

"இல்ல அண்ணி. நீங்க கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காட்டி நான் அங்கே வாயே திறந்திருக்க மாட்டேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தனக்கும் ஒரு தட்டு எடுத்துவரச் சமையலறைக்குள் போனார். தையல்காரம்மா தன் தட்டோடு வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சலூன்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். "ஏம்மா, எங்கே போனே?"

"இங்கேதான் இருக்கேன்."

"எங்கே?"

"உங்க பக்கத்துலதான். நீங்க அந்தப் பக்கம் சாய்ஞ்சா பிடிக்கணும்னு தினமும் இங்கேதானே உட்கார்றேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அது அவருடைய இடப்பக்கம்.

"நீ அடுப்படியிலேர்ந்து பேசறேன்னு நினைச்சுட்டிருந்தேன்," என்றார் அவர். "என்கூட உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கலை போல, தனியாவே சாப்பிட்டுப் பழகிக்கலாம்னு இருந்தேன்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நாலே எட்டு வைத்தாள். வலப்பக்கம் வந்து, இருக்கையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் அவளை, வெகுகாலம் கழித்து ஊரிலிருந்து வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தொழில்காரரின் கண் அவள் நெற்றி ஓரத்து முடியில் நின்றது.

"முன்பக்கம் நல்லா நரைச்சுப் போச்சே."

"நரைக்கட்டும். ஆறிப்போகுது, சாப்பிடுங்க."